சாட்டை யார் கையில்?
தொடக்ககாலத் திரைப்படத்தில் வீரமும் நகையும் கொண்ட மகளிர்

1943ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'மங்கம்மா சபதம்' என்னும் படத்தின் கதை தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் வாய்மொழியில் நெடுங்காலம் வாழ்ந்தது. செருக்கு மிகுந்த இளவரசன் ஒருவன். அவனுக்கு இணங்க மறுக்கும் எளிய குடிப்பெண் ஒருத்தி. அவளை மணந்து, மணந்தபின் தனியே சிறைவைத்து, வாழ்நாளெல்லாம் வாட விடுவதாக அவன் சூளுரைக்கிறான். அவனுக்கே ஒரு மகனைப் பெற்று, அம்மகன் கையாலேயே அவனைச் சபை நடுவில் சாட்டையடி வாங்க வைப்பதாக அவள் எதிர்ச் சூளுரைக்கிறாள். சொன்னவண்ணம் செய்தும் முடிக்கிறாள். வசுந்தரா தேவி மங்கம்மாவாகவும், ரஞ்சன் தந்தை, மகன் என்னும் இரண்டு வேடங்களிலும் தோன்றினர்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர், 1935இல், பம்பாயில் வாடியா மூவிடோன் நிறுவனத்தார் 'ஹண்டர்வாலி' என்னும் இந்திப் படத்தை வெளியிட்டனர். ஹண்டர் என்பதை ஆங்கிலச் சொல்லாகக் கொண்டு வேட்டைக்காரி எனப் பொருள் கூறுவாரும் உளர். பம்பாய் இந்துஸ்தானியில் அச்சொல்லுக்குச் சாட்டை என்பதே பொருள். சாட்டைக்காரி என்பதே படத்தின் பெயர். கொடிய அமைச்சனால் தந்தை சிறைப்பட, இளவரசி மாதுரி முகமூடி அணிந்து, குதிரையேறி, சாட்டை சுழற்றி, ஏழை மக்களைக் காக்கும் கதை அது.

இரண்டு படங்களிலும் சாட்டை உண்டு. இரண்டிலும் அநீதி இழைத்தவன் அடிபடுகிறான். ஒன்றில் சாட்டை பெண்ணின் கையில் இருக்கிறது. மற்றொன்றில் அவள் பெற்ற மகனின் கையில் இருக்கிறது. சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அது திரைப்படத்தோடு தொடங்கிய வரலாறும் அன்று.

மெய்ப்பாடும் பெண்பாலும்

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் நகை முதலாவது, பெருமிதம் ஆறாவது. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கின் வழியே பெருமிதம் பிறக்கும் என்பது அவர் கருத்து. அவற்றுள் தறுகண் என்பதே வீரம். நகை பிறக்கும் களங்களாக அவர் சொல்லும் நான்கனுள் மடன் என்பதும் ஒன்று. அதே மடனை அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்பாலுக்குரிய பண்பாகவும் அவர் ஓதியுள்ளார். எனவே இலக்கணத்தின்படியே பெண்ணிடத்தில் நகைக்குரிய பொருள் இருக்கிறது. ஆனால் நகைப்பவள் அவளல்லள். அச்சம் அவளுக்கு உரியதாகிவிட்டமையால் தறுகண்மைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. தொல்காப்பியரைக் குறைகூற இதனை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. அவர் தம் காலத்து வழக்கைத் தொகுத்தவர். ஆயினும் பின்வந்த கூத்தும் நாடகமும் திரைப்படமும் இந்தப் பங்கீட்டை ஏறத்தாழ அப்படியே மேற்கொண்டன என்பதைக் கருத வேண்டியுள்ளது. அழுகை கதாநாயகிக்கு, பெருமிதம் கதாநாயகனுக்கு, நகை தனியே ஒரு கோமாளிக்கு.

புறநானூற்றில் மறக்குடி மகளிர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றனர். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாடலின் தாய், முன்னாள் தமையனையும் நேற்றுக் கணவனையும் போரில் இழந்தவள். இன்று பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாடலின் முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்ற பழியைக் கேட்டுச் சினந்து, களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடி, மார்பில் புண்பட்டு அவன் சிதைந்து கிடப்பதைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். இவ்விரு பாடல்களையும் பாடியவர் பெண்பாற் புலவர்கள் என்பது பெருமைக்குரியது. ஆனால் மாசாத்தியாரின் பாடலில் வேல் எங்கே இருக்கிறது என்று பார்த்தல் வேண்டும். அது ஒரு கணம் தாயின் கையில் இருக்கிறது. மறுகணம் மகனின் கைக்குப் போய்விடுகிறது. மூதின்முல்லை எனப் பிற்காலத்து இலக்கணிகள் வகுத்த துறை முழுவதும் இந்த ஒரு கணத்துக்குள் அடங்கிவிடுகிறது.

வேலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்ட பெண்ணைத் தேட வேண்டுமாயின் சங்கப் பாடல்களை விட்டு அம்மானைக்கும் மாலைக்கும் வரவேண்டும். புகழேந்தியார் பெயரால் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்று, எழுத்தறியாதவரும் படிக்கக் கேட்டு மகிழ்ந்த நூல். அதில் அல்லி மதுரையை ஆள்கிறாள், படை நடத்துகிறாள், ஆடவர் வாடையே வேண்டாமென வாழ்கிறாள். இத்தகையவளை அருச்சுனன் எப்படி வென்றான்? போரிட்டு வெல்லவில்லை. கண்ணனின் துணையோடு பாம்பு வடிவெடுத்துப் பள்ளியறை புகுந்து, உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். கதையைக் கேட்ட பெண்கள் இந்த இடத்தில் சிரித்தார்களா, பெருமூச்செறிந்தார்களா என்பதை எந்த ஏடும் பதிவுசெய்யவில்லை.

தமிழ்ப் பேசும்படம் தோன்றியபோது அல்லியும் பவளக்கொடியும் உடனே திரைக்கு வந்தனர். 'பவளக்கொடி' 1934இலும் 'அல்லி அர்ஜுனா' 1935இலும் வெளிவந்தன. எனவே தமிழ்த் திரைக்கு வீரப்பெண் அயலிலிருந்து இறக்குமதியான சரக்கு என்பது பொருந்தாது. அவள் கொட்டகைக்குள் நுழையும்போதே தாலி கட்டப்படக் காத்திருப்பவளாக நுழைந்தாள் என்பதுதான் சிக்கல்.

சாட்டைக்காரி

1914இல் அமெரிக்காவில் 'பாலினின் அபாயங்கள்' என்னும் தொடர்படம் வெளிவந்தது. பேர்ல் ஒயிட் என்னும் நடிகை அதன் நாயகி. அதே ஆண்டில் தொடங்கி 1917 வரை நீண்ட 'ஹெலனின் இடர்கள்' 119 பகுதிகளைக் கொண்டது. அதன் நாயகி இருப்புப்பாதையில் ஓடும் வண்டிகளின்மீது தாவிக் கயவர்களைப் பிடிப்பவள். வாரத்துக்கு ஒரு பகுதியாக வந்த இவ்வகைத் தொடர்படங்கள் இந்தியாவின் நகரங்களிலும் பெருவரவேற்புப் பெற்றன. பேசாப்படக் காலத்தில் மொழித்தடை இல்லை. குதிரை ஓடினால் எவருக்கும் புரியும்.

இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுள் ஜாம்ஷெட் பாமன் ஹோமி வாடியா ஒருவர். ஜே.பி.எச். வாடியா எனத் திரையுலகம் அவரை அழைத்தது. பார்சி வகுப்பினர், நன்கு படித்தவர், பிற்காலத்தில் எம்.என். ராயின் இயக்கத்தைச் சார்ந்தவர். 1933இல் தம்பி ஹோமி வாடியாவையும் உடன் கொண்டு வாடியா மூவிடோனைத் தொடங்கினார். ஈராண்டில் அவர்முன் ஒரு பெண் வந்து நின்றார். பொன்னிற முடி, நீலவிழி, திரண்ட தோள்.

மேரி ஆன் எவன்ஸ் என்பது அவர் இயற்பெயர். 1908இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தந்தை ஆங்கிலப் படையினர்; தாய் கிரேக்க வழியினர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தோடு பம்பாய் வந்தார். முதல் உலகப்போரில் 1915இல் தந்தை மாண்டார். பிறகு பெஷாவர்ப் பகுதியில் வளர்ந்த காலத்தில் குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பழகினார். இளமையில் கடையில் விற்பனையாளராகப் பணிசெய்தார், சுருக்கெழுத்துக் கற்றார், அஸ்திரோவா அம்மையார் என்னும் ருஷ்ய ஆசிரியையின் நடனக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார், சர்க்கஸிலும் சிறிது காலம் இருந்தார். குறி சொல்பவர் ஒருவர் சொற்படி நாடியா எனப் பெயர் வைத்துக்கொண்டார்.

வாடியா அவரை முதலில் சிறு வேடங்களில் தோன்றச் செய்தார். பெயரை நந்தாதேவி என மாற்றிக்கொண்டு கருங்கூந்தல் பின்னலும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டதாகவும், நாடியா மறுத்துவிட்டதாகவும் கூறுவர். அந்த மறுப்பு சிறியதன்று. கரிய பின்னலோடு நந்தாதேவியாக வந்திருந்தால் கதையின் முடிவில் நாணித் தலைகுனிய வேண்டிய கடமையும் அப்பின்னலோடு வந்து சேர்ந்திருக்கும் எனத் தோன்றுகிறது.

'ஹண்டர்வாலி'யை வாங்கி வெளியிட விநியோகஸ்தர்கள் தயங்கினர். வெள்ளைக்காரி ஒருத்தி கால்சட்டையும் முகமூடியுமாக ஆடவர்களைத் தூக்கி எறிவதை இந்திய மக்கள் ஏற்பார்களா என்ற ஐயம் அவர்களுக்கு. படம் வந்தது, மாதக்கணக்கில் ஓடியது. நிறுவனத்தின் இசைவின்றியே ஹண்டர்வாலியின் பெயரால் சாட்டையும் இடைவாரும் தீப்பெட்டியும் சந்தையில் விற்றன. 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்' (1936) படத்தில் ஓடும் இரயிலின் கூரைமீது நின்று சண்டையிட்டார். 'டயமண்ட் குவீன்' (1940) படத்தில் பம்பாயில் படித்துவிட்டு ஊர் திரும்பும் பெண்ணாக வந்து, பெண்களின் உரிமை பற்றி உரக்கப் பேசியபடியே கயவர்களைப் புடைத்தார். ஆபத்தான காட்சிகளில் தமக்குப் பதிலாக வேறொருவரை நடிக்க விடாதவர் என்பது அவரைப் பற்றிய புகழுரை. அச்சமற்ற நாடியா என்று விளம்பரங்கள் முழங்கின.

இப்படங்களின் நகைச்சுவை தனியே குறிப்பிடத்தக்கது. நாடியாவின் குதிரைக்குப் பஞ்சாபின் மைந்தன் என்று பெயர். அவர் ஓட்டும் ஓட்டைக் காருக்கு ரோல்ஸ்ராய்ஸின் மகள் என்று பெயர். இருவரும் படத்தில் நடிகர்களுக்கு நிகராக அறிமுகம் செய்யப்பட்டனர். ஆடவன் ஒருவனைத் தலைக்குமேல் தூக்கியபடி நாடியா சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பில் வன்மம் இராது; விளையாட்டில் வென்ற சிறுமியின் களிப்பே இருக்கும். நகையும் பெருமிதமும் ஒரே உடம்பில், ஒரே கணத்தில், பெண்ணிடம் கூடிய காட்சி அது. கோமாளி தனியே வேண்டப்படவில்லை.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்ட காலத்தில், வெள்ளைத் தோலுடைய பெண் ஒருத்தி இந்திய நடிகர்களை அடிக்க, இந்திய மக்கள் கைதட்டினர். எப்படி? கதையில் அவள் இந்தியப் பெண், அடிபடுபவன் கொடுங்கோலன். கொடுங்கோலன் யாரென்று தணிக்கை அதிகாரிக்குத் தெரியாத வகையில் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அத்துடன் இன்னொன்று. இந்தியப் பெண் செய்தால் குலப்பெண்ணுக்கு ஒவ்வாதது எனப்படும் செயல்களை அவர் செய்யும்போது, அயலாள்தானே என்ற சலுகையும் கிடைத்தது. நாடியாவுக்குக் கிட்டிய சுதந்திரத்தில் ஒரு பகுதி அவருடைய தோலுக்குக் கிட்டியதே. அவருடைய துணிவை இது சிறிதும் குறைக்காது. ஆனால் அதே சுதந்திரம் பிறருக்கு ஏன் எளிதில் கிட்டவில்லை என்பதைக் காட்டும்.

திரையில் எவருக்கும் அஞ்சாத நாடியா, இயக்குநர் ஹோமி வாடியாவைக் காதலித்தும், அவர் குடும்பத்தாரின் எதிர்ப்புக் காரணமாக 1961 வரை மணம் செய்துகொள்ளாமலே காத்திருந்தார். ரயில் கூரையில் நிற்பது எளிது போலும்.

மின்னலெனத் தோன்றியவள்

'ஹண்டர்வாலி'யின் அலை ஓயுமுன்பே தமிழிலும் ஒரு சண்டைக்காரி தோன்றினாள். 1937இல் பம்பாயின் மோகன் பிக்சர்ஸ் நிறுவனத்தார் எடுத்த 'மின்னல்கொடி' படத்தைக் கே. அமர்நாத் இயக்கினார். கே.டி. ருக்மிணி நாயகி. சொத்தையும் வீட்டையும் இழந்து வெளியேறும் மோகினி என்ற பெண், இறக்கும் தறுவாயில் இருக்கும் கொள்ளைத் தலைவன் மின்னல்கொடியைச் சந்திக்கிறாள். அவன் மறைவுக்குப் பின் அவன் பெயரையே தனதாக்கிக்கொண்டு, செல்வரிடம் பறித்து வறியவர்க்கு வழங்குகிறாள். கோகோ என்ற பெயரில் நடித்த நகைச்சுவை நடிகரும் உடன் வருகிறார். துரத்திவரும் காவல் அதிகாரிக்கே அவள்மீது காதல் பிறக்கிறது.

இறந்த ஆண் ஒருவனின் பெயரைப் பெண் ஏற்றுக்கொள்கிறாள் என்ற இடம் எண்ணத்தக்கது. மாசாத்தியாரின் தாயிடமிருந்து வேல் மகனுக்குப் போயிற்று. இங்கே ஆயுதம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு வருகிறது. திசையே மாறிவிட்டது. அதுவும் பாண்டி நாட்டு அரசியாக அல்லாமல், சமூகப் படத்தில், அக்காலத்து மனிதர்களுக்கு நடுவே உலவும் பெண்ணாக மின்னல்கொடி வந்தாள். முடிவில் திருமணம் இருந்தால் என்ன? பாம்பாக வந்து எவனும் தாலி கட்டவில்லை.

அதே 1937இல்தான் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் வெளிவந்தன. அவற்றின் பாடல்களை இன்றும் பாடுவார் உண்டு. தியாகராஜ பாகவதரைப் பற்றிப் பேசாத திரைவரலாறு இல்லை. 'மின்னல்கொடி' பெரும்பாலும் ஒரு வரியில் குறிப்பிடப்படும். சில நூல்களில் அதுவும் இராது. இதற்கு முந்திய ஆண்டில் டி.பி. ராஜலட்சுமி தாமே எழுதிய நாவலைத் தழுவி 'மிஸ் கமலா'வைத் தாமே இயக்கினார். தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நாயகியாக அவர் நினைக்கப்படுமளவு இயக்குநராக நினைக்கப்படுவதில்லை. சங்கீதமும் பக்தியும் உயர்ந்தவை, சண்டை தாழ்ந்தது என்ற தரப்பகுப்பு அன்றே வேரூன்றிவிட்டது. ஸ்டண்ட் படம் என்ற சொல்லே ஏளனமாகப் பயன்பட்டது. தரை டிக்கெட்டில் அமர்ந்து சீட்டியடித்தோரின் சுவையை எழுதப் படித்தவர் எவரும் முன்வரவில்லை. இலக்கியவாணர்களும் இப்பழிக்கு விலக்கல்லர்.

சபதம் செய்தவள்

இப்போது மங்கம்மாவிடம் திரும்பலாம். ஆசார்யா இயக்கிய அப்படத்தின் கதை புதியதன்று. கணவனால் கைவிடப்பட்ட பெண் வேற்றுருவில் அவனையே கூடி மகனைப் பெற்றுச் சூள்முடிக்கும் கதை கதாசரித்சாகரத்தில் மூலதேவன் வரலாறாக உள்ளது. இத்தாலியப் போக்காச்சியோவிடம் இருக்கிறது. அவரிடமிருந்து ஷேக்ஸ்பியருக்கும் சென்றது. இத்தனை நாடுகளில் இத்தனை காலம் இக்கதை நிலைத்ததற்கு ஒரு காரணம், அதைக் கேட்கும் பெண்களுக்குள்ள மகிழ்ச்சியாகவே இருத்தல் வேண்டும்.

படத்தின் சிறந்த பகுதி சாட்டையடியன்று; அதற்கு முன் நிகழ்வதே. சிறையிலிருந்து சுரங்கவழியே வெளியேறும் மங்கம்மா, கூத்தாடிப் பெண்ணாகி, கயிற்றில் நடக்கவும் ஆடவும் கற்றுத் தேர்ந்து, தன்னைச் சிறைவைத்தவன் முன்பே ஆடுகிறாள். அவன் மயங்குகிறான். மனைவியைச் சிறையில் பூட்டிவிட்டதாக எண்ணியபடியே மனைவியின் காலடியில் கிடக்கிறான். அரங்கில் இருக்கும் பெண்கள் அனைவருக்கும் உண்மை தெரியும். அவன் ஒருவனுக்குத் தெரியாது. இங்கே மடன் யாரிடம் இருக்கிறது? ஆணிடம் இருக்கிறது. நகைப்பவள் யார்? பெண். தொல்காப்பியர் காலத்துப் பங்கீடு இந்த ஒரு காட்சியில் தலைகீழாகிவிட்டது. வசுந்தரா தேவி ஆடலில் வல்லவர். அவருடைய ஆட்டத்தில் இளவரசனைக் கவரும் நெளிவும் அவனை எள்ளும் குறும்பும் பிரிக்க முடியாதவாறு கலந்திருப்பதைக் காணலாம்.

இவ்வளவும் செய்தவள் இறுதியில் சாட்டையைத் தானே எடுத்தால் என்ன? கதையின் கட்டுக்கோப்பு அதற்கு இடங்கொடாது. கணவனை மனைவி அடிக்கலாகாது. மகன் அடிக்கலாம், அதுவும் தந்தையென அறியாமல். கயிற்றில் நடந்தவள் அவள். சுரங்கம் வழியே தப்பியவள் அவள். ஆண்டுக்கணக்கில் திட்டம் வகுத்தவள் அவள். ஓங்கிய கை மட்டும் ரஞ்சனுடையது. 279ஆம் பாடலின் தாய் இங்கே மீண்டும் வருகிறாள். தலைவாரிவிட்டு ஒதுங்கி நிற்கிறாள்.

ஆயினும் இப்படத்தைத் தோல்வியெனக் கொள்வது முறையாகாது. நாடியாவின் சண்டை கண்ணுக்கு விருந்து. ஆனால் அவர் அடிப்பவன் அயலான், அமைச்சன், கொள்ளையன். மங்கம்மா மோதியது கட்டிய கணவனோடு. நாடியாவின் படங்கள் தொடாத வீட்டுக்குள் மங்கம்மா நுழைந்தாள். அதற்கு விலையாகச் சாட்டையை மகனிடம் ஒப்படைத்தாள் எனலாம். எது பெரிது என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. அக்கதையையே ஜெமினியார் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'மங்களா' என இந்தியிலும் தெலுங்கிலும் எடுத்தபோது, பி. பானுமதி அவ்வேடத்தை ஏற்றார்.

பானுமதியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1953இல் வெளிவந்த 'சண்டிராணி'யை அவரே இயக்கினார். தமிழ், தெலுங்கு, இந்தி மும்மொழிகளிலும் உருவான படம் அது. இரட்டைச் சகோதரிகளாக அவரே நடித்தார். ஒருத்தி அரண்மனையில் வளர்ந்தவள். காட்டில் வளர்ந்தவள் சண்டி. ஆள்மாறாட்டத்தால் விளையும் நகைச்சுவைக்கும் காட்டில் வளர்ந்தவளின் வீரத்துக்கும் ஒரே நடிகை, அதிலும் படத்தை நெறிப்படுத்தும் நடிகை. இவரே தெலுங்கில் 'அத்தகாரி கதலு' என மாமியாரை மையமாக வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர். மாமியார் மருமகள் பூசலைக் கண்ணீர் இன்றி எழுத முடியும் என்று காட்டியவர். இவருடைய படங்களில் எதிரே நிற்கும் நாயகன் எவராயினும் சற்றே எச்சரிக்கையாக நிற்பதுபோல் தோன்றும்.

நகைச்சுவைத் துறையில் டி.ஏ. மதுரம் அம்மையாரின் இடம் வேறு. என்.எஸ். கிருஷ்ணனோடு அவர் தோன்றிய காட்சிகள் படத்தின் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனி ஓடையாக ஓடுபவை. அவ்வோடையில் மனைவி கணவனை மடக்கிப் பேசினாள், கேள்வி கேட்டாள், சிரித்தாள். மூலக்கதையின் நாயகி அழுதுகொண்டிருக்கும் அதே படத்தில் இது நடந்தது. 1944இன் இறுதியில் கலைவாணர் சிறைப்பட்டபோது நாடகக் குழு சிதையாமல் காத்தவர்களுள் மதுரம் அம்மையார் முதன்மையானவர். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகம் நடந்தது. 'பைத்தியக்காரன்' (1947) படமும் உருவாயிற்று. சிரிப்பை மூலதனமாகக் கொண்டு ஒரு பெண் பலருக்குச் சோறிட்ட ஆண்டுகள் அவை.

விட்டுப்போன இழை

ஐம்பதுகளின் நடுவிலிருந்து தமிழ்த்திரையில் வாள் நாயகனுக்கே உரியதாயிற்று. எம்.ஜி.ஆர். வாளெடுத்தபின் நாயகிக்குக் காப்பாற்றப்படும் வேலையே எஞ்சியது. 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் மனோரமாவை நாயகியாக்கிப் பார்த்தது. அத்தோடு திரையுலகம் அவரை மீண்டும் நகைச்சுவைப் பகுதிக்கே அனுப்பிவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்து 2015இல் மறைந்த அம்மேதையின் தோள்மேல் முழுப்படத்தையும் ஏற்ற முன்வந்தவர் மிகச் சிலரே. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில்ஜில் ரமாமணியை மட்டும் தனிக்கதையாக எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாதவர் இரார்.

இழை தெலுங்கில் அறாமல் ஓடியது. 1970இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிய 'ரவுடி ராணி'யில் விஜயலலிதா துப்பாக்கி ஏந்தினார். அவர் குடும்பத்திலிருந்தே விஜயசாந்தி வந்தார். 1990இன் 'கர்த்தவ்யம்' படத்தில் கிரண் பேடியை நினைவூட்டும் காவல் அதிகாரியாக நடித்து, அவ்வாண்டுக்குரிய தேசிய விருதும் பெற்றார். 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என மொழிமாற்றம் பெற்று அப்படம் தமிழ்நாட்டிலும் வெற்றிகரமாக ஓடியது. இங்கே சாட்டை தாயிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. ஒரு குடும்பத்தில் மூத்த பெண்ணிடமிருந்து இளைய பெண்ணுக்கு வந்தது. தமிழ்ப் பெண்களும் கைதட்டிப் பார்த்தனர். எனவே பார்ப்பவர் விரும்பமாட்டார் என்ற காரணம் பொய்யாயிற்று. உதட்டசைவு ஒட்டாத குரலில் பேசிய காக்கிச்சட்டைக்காரியைத் தமிழர் ஏற்றனர். அத்தகையவளைத் தமிழிலேயே படைக்கத்தான் எவருக்கும் துணிவில்லை.

நகைச்சுவை சற்று முந்திக்கொண்டது. 1994இல் கமல்ஹாசன் தயாரித்து, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மகளிர் மட்டும்', 1980இன் அமெரிக்கப் படமொன்றின் தூண்டுதலால் எழுந்தது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி ஆகிய மூவரும் ஓர் அலுவலகத்தில் வெவ்வேறு நிலையில் பணிபுரியும் பெண்களாகி, தொல்லைதரும் மேலாளரைத் திண்டாட வைக்கின்றனர். அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் பெண்ணும் அம்மூவரில் ஒருத்தி என்பதே அப்படத்தின் பெருஞ்சிறப்பு. மங்கம்மாவின் தந்திரம் மூன்றாகப் பிரிந்து, அரண்மனையை விட்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டது. இம்முறை மகன் தேவைப்படவில்லை. 2018இன் 'கோலமாவு கோகிலா' இன்னொரு படி மேலே சென்றது; அஞ்சியவள்போல் நிற்கும் பெண்ணே எல்லாரையும் ஆட்டிவைப்பதில் அதன் நகை பிறக்கிறது. அச்சமும் மடனும் அவளுக்கு அணியும் வேடமாயின.

நாடியாவின் கடைசிக் காலம் ஒரு வகையில் நற்பேறு பெற்றது. ஜே.பி.எச். வாடியாவின் பேரன் ரியாத் வின்சி வாடியா 1993இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். எண்பத்தைந்து வயதில் நாடியா அதைக் கண்டார். உலகின் பல ஊர்களில் அது திரையிடப்பட்டது, மறந்தவர்கள் நினைத்தனர், ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கினர். 1996 ஜனவரியில் அவர் மறைந்தார்.

கே.டி. ருக்மிணிக்கு அப்படி ஒரு பேரன் வாய்க்கவில்லை. முப்பதுகளின் தமிழ்ப்படங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளில் அவை இருந்தன. பல எரிந்தன, பல மக்கின, ஓட்டம் முடிந்த பல, அவற்றிலிருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தோன்றியபோது காக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சில பழம்புத்தகக் கடைகளில் எஞ்சியுள்ளன. அவற்றில் பாட்டு இருக்கும்; கதைச்சுருக்கம் இருக்கும்; நடிகர் பெயர்ப்பட்டியல் இருக்கும். ஓடும் குதிரையில் அவள் எப்படி ஏறினாள் என்பது அவற்றில் இராது.